நாய் கட்டின தடம்

பங்களாவிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து எங்கள் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தின் மூலையில் போட்ட சாய்வு நாற்காலியில் யார் உட்கார்ந்து காலை நீட்டினாலும், அவர்கள் போட்டிருக்கிற செருப்போ பூட்ஸோ தானாகக் கழன்றது. முதலில் வலது கால், அப்புறம் இடது. லேஸ் இருந்தால் முடிச்சு அவிழும், கயிறு ஒவ்வொரு துளையாகத் தளரும், குதிகாலில் ஒரு பிடி விழும், ஒரே இழுப்பு. கழன்ற ஜோடி தரையில் தட்டப்பட்டு மண் உதிரும், பிறகு நாற்காலிக்கு அடியில் போய்க் குப்புறக் கவிழ்ந்துகொள்ளும். ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியாது. ஆடி மழை பிடித்திருந்த நேரம் அது. எங்கள் மலையில் ஆடி மழையோடு அட்டை வரும், காட்டெருமை வரும், வாசலில் கருநாகம் வந்து சுருண்டு படுக்கும், கரண்ட் ஒன்றுதான் வராது. ஆகவே இதுவும் வந்திருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

காப்பகத்தில் நான் வேலை பார்த்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அம்மாமார்கள் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்கள் விட்டுப் போகிற பிள்ளைகளைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது, பால் கொடுப்பது, மூக்குத் துடைப்பது என் வேலை. பங்களாவை ஹோட்டலாக மாற்றப் போகிறார்கள் என்று அங்கே இருந்த பழைய சாமான்களை எல்லாம் ஒழுகாத கூரை இது ஒன்றுதான் என்று எங்கள் தொட்டில்களுக்கு நடுவில் கொண்டுவந்து அடுக்கினார்கள். பிள்ளைகளுக்கு இடம் போதுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தது சூப்பர்வைசர் இருளப்பன் மாமா. எங்கள் பாடியில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டின எங்கள் லைன் வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். மழைக்கு ஒதுங்கினவர் உட்கார்ந்து, கைப்பலகைக்கு அடியில் ஒளிந்திருந்த நீளப் பலகைகளை வெளியே திருப்பி, அந்தக் காலத்துத் தொரைமார் மாதிரி இரண்டு காலையும் அவற்றின் மேல் நீட்டினார். பூட்ஸ் கழன்றது. அவர் கொஞ்ச நேரம் தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்சி," என்றார். என் பெயர் எப்சிபா. "இந்தச் சேர் நல்லாருக்குடி."

பழஞ்சாமான் வாங்குகிற ரத்தினவேல் கோயம்புத்தூரிலிருந்து வந்தது அதற்கு மறுவாரம். நாற்காலி எந்தக் காலத்தது, எங்கே செய்தது என்று பார்த்துச் சொல்ல மேனேஜர் வரவழைத்திருந்தார். ஆள் தொழில் தெரிந்தவர், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைக்குத் துணி மாற்றுகிற மாதிரி நாற்காலியை அலுங்காமல் புரட்டிப் போட்டார். டார்ச்சை அடித்தார். விரலை எச்சில் தொட்டு அடிப்பக்க மரத்தில் தேய்த்து முகர்ந்தார்.

"மேல இருக்கிறதெல்லாம் பாலிஷ்காரன் பேச்சு. அடியிலதான் மரம் பேசும். இங்க பாரும்மா, ரம்பம் போன கோடு நேரா இருக்கா? மெஷின்ல அறுத்தா வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். இது ரெண்டு ஆளு மேலயும் கீழயும் நின்னு இழுத்த ரம்பம். திருகாணியப் பாரு, தலையில கோடு நடுவுல இல்ல, ஒதுங்கியிருக்கு. கையால வெட்டினது. ஆணி சீமையில இருந்து வந்தது, மரம் இந்த மலையில வளர்ற ஈட்டி. தோட்டம் போடறதுக்குக் காட்டை வெட்டுன காலத்துல இங்கயே செஞ்சிருக்கான். வயசு நூறு தாண்டும்."

எல்லாம் சரிதான். அப்புறம் அவர் டார்ச் இடது முன்காலில் வந்து நின்றது. தரையிலிருந்து எழும்பிக் கைப்பலகையைத் தாங்குகிற கால் அது. கீழே ஒரு சாண் உயரத்தில் தொடங்கி மேலே மேலே ஏறிக்கொண்டு மரம் குழிந்து தேய்ந்திருந்தது. வேறு எந்தக் காலிலும் அப்படி இல்லை. நான் அதைக் குறை என்று சொல்லி விலையை இறக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"நாய் கட்டின தடம்," என்றார். "சங்கிலி உரசி உரசித் தேஞ்சிருக்கு. இது பொய்யா உண்டாக்க முடியாத தேய்மானம். தொரை, தொரையோட நாய்! இதுதாம்மா இந்தச் சேருக்கு ஜாதகம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தார். அவருடைய தோல் ஷூ கழன்று, தட்டப்பட்டு, குப்புறக் கவிழ்ந்தது.

"ஓ," என்றார் ரத்தினவேல். "நாய் இன்னும் இருக்கா."

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அது நாயாகிவிட்டது. ரத்தினவேல் நல்ல இடமாகப் பார்த்து விற்றுத் தருகிறேன் என்று போய்விட்டார், நாய் எங்களிடம் இருந்தது. எங்கள் ஜனம் ஒரு விஷயத்தை நம்புவது என்று முடிவு செய்துவிட்டால் பாதியில் நிறுத்துகிற பழக்கம் கிடையாது. நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தார்கள், டைகர் இங்கிலீஷ் பெயர், தொரை அப்படித்தான் வைத்திருப்பான் என்றார்கள், முன்காலில் ஒரு சிவப்புக் கயிறு கட்டினார்கள், கீழே கிண்ணத்தில் பால் வைத்தார்கள், பால் குறையாததால் தொரை வீட்டு நாய் டீத்தண்ணிதான் குடிக்கும் என்று டீயும் பிஸ்கட்டும் வைத்தார்கள், அதுவும் குறையவில்லை, அதனால் நல்ல நாய், பிறத்தியார் வீட்டில் வாய் வைக்காத நாய் என்று பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். கொழுந்து நிறுத்துக் கொடுத்த பெண்கள் இடுப்பில் சுற்றின படங்குச் சாக்கை அவிழ்க்காமல் அப்படியே வந்து வரிசையில் நின்றார்கள், ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து சேறு நிறைந்த பூட்ஸை நீட்டினார்கள், அது உருவப்பட்டபோது கண்ணை மூடி ஆவென்று பெருமூச்சு விட்டார்கள், ஏனென்றால் பிறந்ததிலிருந்து அவர்கள் காலை யாரும் தொட்டதில்லை, அட்டையைத் தவிர. தொழிற்சங்கத்துக்காரர் வந்து உட்கார்ந்தார், பூசாரி வந்து உட்கார்ந்தார், எங்கள் சபைப் பாஸ்டர் வந்து இது சாத்தான் வேலை என்று சொல்லிவிட்டு அதை நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு தரம் உட்கார்ந்தார். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடிகளை உட்காரவைத்து போட்டோ எடுத்தார்கள். கீழ் டிவிஷனிலிருந்து ஜீப் பிடித்து வந்தார்கள். செருப்பே போடாதவர்கள், இதற்காகவே செருப்பு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, நாய் லேஸ் அவுக்குமா?" என்று கேட்டேன்.

"தொரை நாய்டி அது. ட்ரெய்னிங் குடுத்திருப்பான்," என்றார் இருளப்பன் மாமா, காலை நீட்டிக்கொண்டே.

"பல்லால முடிச்சு அவுத்தா லேஸ்ல எச்சி இருக்காதா?"

"செத்த நாய்க்கு ஏதுடி எச்சி? பத்தாவது படிச்சவள்னு பேரு."

"பூட்ஸை ஏன் கவுத்து வைக்குது?"

அவர் நாற்காலிக்கு அடியில் கைவிட்டுப் பூட்ஸைத் தேடினார். ஏனென்றால் அவருக்கும் தெரியும். பூட்ஸைக் கவிழ்த்து வைப்பது எங்கள் பாடியில் மட்டும்தான். நிமிர்த்தி வைத்தால் உள்ளே அட்டை இறங்கிக் காத்திருக்கும், காலையில் காலை விடும்போது கடிக்கும். பங்களாவில் அட்டை கிடையாது, சுற்றிலும் சுண்ணாம்பும் உப்பும் போட்டு வைத்திருப்பார்கள். எந்தத் தொரையும் தன் நாய்க்குப் பூட்ஸைக் கவிழ்க்கச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டான். அது பாடியில் பிறந்த கைக்குத்தான் தெரியும்.

ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது நான் வெறுங்காலோடு உட்கார்ந்து பார்த்தேன். கழற்ற ஒன்றும் இல்லாததால் அந்தக் கை தடுமாறியது. அம்மாவின் விரல்களைப் போலச் சொரசொரத்த விரல்கள் என் பாதத்தைத் தடவின, குதிகாலைத் தடவின, கணுக்காலுக்கு மேலே வந்து நின்றன. அங்கே ஒரு அட்டை ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அந்த விரல்கள் அதைப் பிய்த்து இழுக்கவில்லை. இழுத்தால் புண்ணாகும் என்று தெரிந்த விரல்கள். நகத்தை அட்டையின் வாய்க்கு அடியில் மெதுவாக நுழைத்து நெம்பி எடுத்தன.

நான் துள்ளி எழுந்துவிட்டேன். பயத்தில் இல்லை. நூறு வருசத்துக்கு மேல் ஒருத்தி இங்கே குத்தவைத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள், நாங்கள் எல்லோரும் அவள் முகத்துக்கு நேரே காலை நீட்டி, நல்ல நாய், நல்ல நாய் என்று பிஸ்கட் போட்டிருக்கிறோம்.

அப்புறம் அந்தக் குழிவை நான் சரியாகப் பார்த்தேன். கீழே கெண்டைக்கால் உயரத்தில் இருந்த குழிக்குள் என் விரல் நுழையவில்லை, அவ்வளவு சின்னது. காப்பகத்துப் பிள்ளைகளில் பெரியவள் கவிநிலா, இன்னும் பள்ளிக்கூடத்தில் சேராதவள். அவளைக் கூப்பிட்டுத் தரையில் உட்காரவைத்து, "இதைப் பிடிடி," என்றேன். பிடித்தாள். நாலு விரல் பின்னால், கட்டைவிரல் முன்னால், அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. ஒரு கையால் பூட்ஸை இழுக்கும்போது மல்லாக்க விழாமல் இருக்க இன்னொரு கையால் பிடித்த பிடி. அதற்குச் சற்று மேலே இன்னொரு குழி, கொஞ்சம் பெரியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஒருவனைப் பிடிக்கச் சொன்னேன், அவன் கைக்குச் சரியாக இருந்தது. அதற்கு மேலே என் கை. அதற்கும் மேலே இருந்ததற்கு அம்மாவைக் கூப்பிட்டு வந்தேன்.

என் அம்மா ஞானப்பூ கொழுந்தெடுக்கிறவள். அதிகம் பேச மாட்டாள். பிடித்தாள், பொருந்தியது. உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

"சூடா இருக்குடி," என்றாள்.

"இப்பத் தெரியுதாம்மா? கவிநிலா வயசுல தொரை கொண்டுவந்து உக்காத்தியிருக்கான். அவ வளர வளரப் பிடி மேல ஏறியிருக்கு. நாற்காலிக்கு வயசு பாத்தாரே அந்த ஆளு, ரம்பத்தைப் பாத்தாரு, ஆணியைப் பாத்தாரு, ஒரு பொம்பளை வளந்து நிக்கிறது அவர் கண்ணுக்கு நாய்ச் சங்கிலியாத் தெரிஞ்சிருக்கு!"

"கத்தாத. பிள்ளைக முழிச்சிரும்."

"எல்லார்ட்டயும் சொல்லப் போறேன்."

"வேணாம்." அம்மா தாழ்வாரத்துக்குப் போய் மழையைப் பார்த்து நின்றாள். "நாயாவே இருந்துட்டுப் போகட்டும். ஆளுன்னு சொன்னா யாரு வீட்டு ஆளுன்னு கேப்பாங்க. இங்க எந்த வீட்டுக்கு அந்தப் பெருமை வேணும்?"

சொன்னேன். ஒருவருக்கும் வேண்டாம். டீக்கடையில் சொன்னேன், சிரித்தார்கள். தண்ணிக் குழாயில் சொன்னேன், பெண்கள் வாளியை மாற்றி வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஆளாக இருந்தால் பேய், பேய் என்றால் பரிகாரம், பரிகாரம் என்றால் செலவு, நாய் என்றால் செலவில்லை என்று பூசாரி கணக்குச் சொன்னார். எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரம் வந்தது, அவர்கள் யாருக்கும் நான் சொன்னது பொய்யென்று தோன்றவில்லை என்பதில்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சரிதான் என்று தலையாட்டிவிட்டு, போய் உட்கார்ந்து காலை நீட்டினார்கள்.

நானே அவளை அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். "அக்கா, போதும், எந்திரி," என்றேன். முன்காலில் சூடு அப்படியே இருந்தது. "நீ மேல உக்காருக்கா, நான் கீழ உக்காருறேன்," என்றேன். நாற்காலியின் பிரம்புப் பின்னல் ஒரு இம்மிகூடத் தாழவில்லை. அவளுக்கு மேலே உட்காரத் தெரியவில்லை. ரத்தினவேல் வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறார், சமவெளியில் பெரிய ஹோட்டல்காரர் நாற்காலியை நாயோடு கேட்டிருக்கிறார் என்று செய்தி வந்தது. அங்கே போனால் அவள் கதி என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஜனமாவது மாலையில் வரும். அங்கே விடிந்ததிலிருந்து அடையும் வரை விருந்தாளிகள் காலை நீட்டிக்கொண்டே இருப்பார்கள், மலையிலிருந்து மழை இறங்குகிற மாதிரி ஓயாமல், அவள் ஊர் பேர் தெரியாதவர்கள், பூட்ஸை ஏன் கவிழ்த்து வைக்கிறாள் என்றுகூடத் தெரியாதவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரத்தினவேல் வந்துவிட்டார். அன்றைக்கும் கொழுந்து வேலை இருந்தது, அது முடிந்ததும் டைகரை வழியனுப்பப் பாடியே கூடியிருந்தது. மாலை போட்டிருந்தார்கள். கடைசித் தடவையாக உட்காரும் மரியாதையை இருளப்பன் மாமாவுக்குக் கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்து நீட்டினார். வலது பூட்ஸில் லேஸ் தளர ஆரம்பித்தது.

எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லத் தெரியவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் முன்காலைப் பிடித்தேன். பூட்ஸை இழுக்கிற நேரம் அது. என் கைக்கு அடியில் இன்னொரு கை இருந்தது. இருளப்பன் மாமாவின் கையைப் பிடித்து இழுத்து அதன் மேல் வைத்து அழுத்தினேன்.

"விடுடி, பைத்தியமா உனக்கு?"

"தடவிப் பாருங்க. ஆள்காட்டி விரலைத் தடவிப் பாருங்க. நாய்க்கு விரல் வெடிச்சிருக்குமா?"

கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கு ஆள்காட்டி விரலில் கறுப்பாக ஒரு வெடிப்பு உண்டு, எண்ணெய் போட்டாலும் ஆறாது. பங்களா வேலைக்கு நடுவில் தொரை அவளைக் கொழுந்துக்கும் விரட்டியிருக்கிறான். மாமா கையை எடுக்கவில்லை. அவருடைய அம்மாவும் கொழுந்தெடுத்தவள்தான்.

"எறங்கச் சொல்லுங்க மாமா," என்றேன்.

எங்களுக்கு வேலை முடிகிறது மணியால் இல்லை. மலை உச்சியில் நின்று சூப்பர்வைசர் "எறங்கலாம்" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். இருட்டினாலும் இடி விழுந்தாலும் அந்தக் குரல் வருகிறவரை ஒருத்தியும் கூடையை இறக்க மாட்டாள். நான் தனியாக இருந்தபோது நாற்காலியிடம் அதையும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் சொன்னால் எவள் இறங்குவாள்?

"என்னடி விளையாடுற? எங்கிட்ட ஆர்டர் இல்ல," என்றார் அவர்.

"யாரோட ஆர்டர்? வெள்ளைக்காரன் வரணுமா? உங்க அம்மாவ ஒரு நாள் எறங்கச் சொல்லாம எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தா, அவ இன்னைக்கும் மலையிலதான் நின்னுட்டிருப்பா. நீங்க அவ கொழுந்தெடுக்கிற காட்டுக்கே போய் காலை நீட்டியிருப்பீங்க!"

அம்மா, "எப்சி!" என்றாள். ரத்தினவேல், "என்னங்க இது, பேரம் கெடுது," என்றார். வலது பூட்ஸ் உருவப்பட்டது, தரையில் தட்டப்பட்டது, கவிழ்ந்தது. இடது பூட்ஸின் முடிச்சில் விரல் விழுந்தது.

"எறங்கலாம்," என்றார் இருளப்பன் மாமா.

மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கூப்பிடுகிற ஆள், அன்றைக்குத் தன் மடியிடம் சொல்கிற மாதிரி சொன்னார். இடது முடிச்சு பாதி அவிழ்ந்த நிலையில் நின்றது. என் கைக்கு அடியில் இருந்தது மெல்ல விலகியது, மரம் குளிர்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குத்தவைத்தே இருந்தவளுக்கு முழங்கால் பிடித்திருக்கும். பிறகு நாற்காலிக்குப் பக்கத்துத் தொட்டில் ஆடியது. அதற்கு அடுத்தது ஆடியது. யாரோ தொட்டுத் தொட்டுப் போகிற மாதிரி, உள்ளே இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கெக்கலித்துச் சிரிக்க, தொட்டில்கள் வாசல் வரை வரிசையாக ஆடின. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதில் அவள் மேலே போனாளா கீழே போனாளா என்று எனக்குத் தெரியாது. இறங்கினாள், அது போதும்.

ரத்தினவேல் மாமாவை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து ஷூவை நீட்டிப் பார்த்தார். காத்திருந்தார். ஆட்டிப் பார்த்தார். ச்சூ ச்சூ என்று நாயைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டும் பார்த்தார். கூட்டத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"நல்லா இருந்த சாமானைக் கெடுத்துட்டீங்க. ஹோட்டல்காரர்ட்ட நான் என்ன சொல்றது?" என்று எழுந்தவர், என்னைப் பார்த்தார். ஆள் கெட்டவர் மாதிரி பார்க்கவில்லை, ஒரு மரத்தைப் பார்க்கிற மாதிரி யோசித்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் போனார். "இது உங்க பொண்ணா? படிக்கவும் போகலைங்கறாங்க. நாய் இல்லாட்டி என்ன, சேரோட ஒரு ஆளை அனுப்பிட்டா அவர் ஒத்துக்குவாரு. வேலை ஒண்ணும் பெருசில்ல, வர்றவங்களுக்கு ஷூவைக் கழட்டி விடணும். சோறு, துணி, தங்க இடம் எல்லாம் குடுப்பாங்க. பொண்ணும் சின்ன வயசுதான், பழகிக்கும்."

பின்னால் யாரோ, "நல்ல எடந்தானே, மழையில நனைய வேண்டாம்," என்றார்கள். அதைச் சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்தாள். நாற்காலியில் கிடந்த மாலையை எடுத்து ஓரமாக வைத்தாள். உட்கார்ந்தாள். பிரம்பு கிறீச்சிட்டது. கைப்பலகைக்கு அடியில் துழாவி ஒரு பலகையை வெளியே திருப்பினாள், அது எப்படித் திரும்பும் என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி இன்னொன்றையும் திருப்பினாள். சேறு சொட்டுகிற ரப்பர் பூட்ஸோடு வலது காலைத் தூக்கி ஒன்றின் மேல் போட்டாள். இடது காலைத் தூக்கி மற்றதன் மேல் போட்டாள். சேறு ஈட்டி மரத்தில் வழிந்தது. யாரும் வந்து கழற்றவில்லை. அவளும் அதற்குக் காத்திருக்கிறவள் மாதிரித் தெரியவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மா, பாலிஷ் போயிரும். எந்திரிங்க, வண்டியில ஏத்தணும்," என்றார் ரத்தினவேல்.

"நேரம் ஆகும் சார்," என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டே. "நீங்க நில்லுங்க."

அவர் நின்றார்.